மூக்குக்குத்தான் சம்பளம்

ஞாயிற்றுக்கிழமை காலை கும்மிடிப்பூண்டி பஜாரில் கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். சகாயமேரி அக்காவின் நம்பரிலிருந்து போன் வந்தது. அது அவர் பூசைக்குப் போகிற நேரம். அந்த நேரத்தில் அவர் யாருக்கும் போன் செய்ய மாட்டார். "இன்னாக்கா, கோயிலுக்குப் போவலியா?" என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்தேன். அந்தப் பக்கம் பேசியது அவர் மகன். "லோகு சித்தி, அம்மா போயிடுச்சு." விடியற்காலையில் நெஞ்சை அடைக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தாராம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டதாம். "உனக்கு எவ்ளோம்மா போடட்டும்?" என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். கையில் வெறும் பையோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

சரக்கு நிரப்புகிற நம் பாட்டில் கம்பெனியில் வேலை செய்கிற எல்லோருக்கும் சகாயக்காவைத் தெரியும். மூடி போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ஓடுகிற பாட்டில்களில் தூசு, துரும்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாரே, அவர்தான். அதற்கு முன்னால் அவர் மூக்கு ரூமில் இருந்தார் என்பதும் பழைய ஆட்களுக்குத் தெரியும். அங்கிருந்து ஏன் வந்தார் என்பதுதான் யாருக்கும் தெரியாது. "சரக்கு ருசி கண்டுகிச்சு, அதான் எடுத்துட்டாங்க" என்று சிலர் சொன்னார்கள். அக்கா அதை மறுக்கவே இல்லை. இப்போது மறுப்பதற்கு அவர் இல்லை. அவர் மகனிடம் கேட்டேன், "எழுது சித்தி" என்றார். அதனால் எழுதுகிறேன்.

மூக்கு ரூம் ஆரம்பித்த கதையிலிருந்து சொல்ல வேண்டும். விஸ்கி கலக்குகிற பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் சம்பத் சார். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருவார். அவர் ஒருநாள் பாட்டில் லைனுக்கு வந்து, வாசனை பார்க்கிற வேலைக்கு ஆள் வேண்டும், பெண்களாக இருந்தால் நல்லது என்றார். "குடிக்கிறவன், பீடி பிடிக்கிறவன், பாக்கு போடறவன் மூக்கை நம்ப முடியாதும்மா." நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வீட்டில் என்னவென்று சொல்வது? சாராயத்தை மோந்து பார்க்கிற வேலை என்றா? அப்போது அக்காதான் முன்னால் வந்து கேட்டார்.

"சார், வாய்ல ஊத்தச் சொல்வீங்களா?"

"இல்லம்மா. மோந்து பார்த்தா போதும்."

"அப்ப சரி. மூக்குக்குத்தான் சம்பளம். வாய் எங்களுது."

சார் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அக்கா அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் கணவர் குடித்துக் குடித்தே ஈரல் வெந்து போனவர். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு, இனி இந்த வீட்டுக்குள் அது நுழையாது என்று மாதா படத்துக்கு முன்னால் சொன்னவர் அக்கா.

பேனல் என்று சொல்கிற அந்த வேலை இப்படித்தான். நீலக் கண்ணாடியில் செய்த சின்ன கிளாஸ்கள் மூன்று வைப்பார்கள். நிறம் தெரியக் கூடாது என்பதற்காக நீலம். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. மூடியை விலக்கி, மோந்து, வேறாக இருப்பது எது என்று சீட்டில் குறிக்க வேண்டும். ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பார்க்க முடியாதபடி நடுவில் பலகைத் தடுப்பு. அன்றைக்குப் பூ வைக்கக் கூடாது, பவுடர் கூடாது, முந்தின நாள் கருவாடு கூடாது. இந்தச் சட்டங்களுக்கெல்லாம் போலீஸ் சகாயக்காதான். வாசலிலேயே நின்று எங்களை மோந்து பார்ப்பார். "இன்னாடி எண்ணெய் இது? போய் தலைய அலசிக்கினு வா." "உன் ஊட்ல நேத்து இன்னா கொழம்பு? கைய காட்டு." ஒருமுறை சம்பத் சாரையே, "சார், நீங்க துளசி மென்னுக்கினு வந்துகீறீங்க" என்று வெளியே அனுப்பி வாய் கொப்பளிக்க வைத்தார்.

அப்படிப்பட்ட சகாயக்கா, கொரோனா ஜுரம் வந்து எழுந்து திரும்ப வேலைக்கு வந்த சில மாதங்களில் ஒருநாள், பாச்சை உருண்டை நாற்றத்தோடு மூக்கு ரூமுக்குள் வந்தார். பீரோவிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்த புடவை. கோட்டு போட்டும் மறையவில்லை. ரூமே பீரோ மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "போலீசே திருடிட்டாங்கப்பா!" சாரும் சிரித்துக்கொண்டே அன்றைக்குப் பேனலை ரத்து செய்தார். அக்காவும் சிரித்தார். ஆனால் என் பக்கம் திரும்பியபோது அவர் கண் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்து இழுத்தார். மறுபடி இழுத்தார்.

ரயிலில் கேட்டேன். அவர் இறங்குவது மீஞ்சூர். கும்மிடிப்பூண்டியில் இருக்கிற நான், பொன்னேரியில் டியூஷன் படிக்கிற மகளை அழைத்து வர அந்த வண்டியில்தான் போவேன்.

"அக்கா, உங்களுக்கு வாசனை வர்லியா?"

"ஜுரம் வந்ததுலேர்ந்து ஒண்ணும் வர்லடி. சீயக்காய் வர்ல. மண்ணெண்ணெய் வர்ல. சாக்கடை கூட வர்ல, அத்த ஒரு லாபம்னு வெச்சுக்க."

"பேனல்ல எப்டி குறிக்கிறீங்க?"

"கிளாஸ கண்ணுக்கு நேரா வெச்சிக்கினு திறப்பேன். எது கண்ணுல ஜாஸ்தி எரியுதோ அத்த குறிச்சிடுவேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இது வெளியே தெரிந்தால் திரும்ப ஈரத் தரையில் நின்று பாட்டில் அடுக்குகிற வேலைதான். அவருக்கு முட்டி வலி அப்போதே அதிகம். மகனுக்குத் தெரிந்தால் அதுவும் இல்லை, வேலையையே விட்டு நிறுத்திவிடுவார். ஆனால் அக்காவுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. "திரும்பி வருமா, வராதாடி? அத்த மட்டும் யாராச்சும் சொல்லிட்டா போதும்." ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார். வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார்களாம். "இத்த சொல்றதுக்கு எதுக்குடி படிப்பு, நானே சொல்வேனே" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஸ்காட்ச் வந்தது.

புதுசாக ஒரு விஸ்கி செய்யப் போகிறார்கள், அதில் கலக்க வெளிநாட்டிலிருந்து, பார்லியில் காய்ச்சின மால்ட் சரக்கு வரப்போகிறது, அது புகை வாசனை அடிக்கும், முதலில் நீங்கள் பழக வேண்டும் என்று சம்பத் சார் ஒரு பாட்டிலோடு வந்தார். நாங்கள் அதுவரை பார்த்த சரக்கெல்லாம் ஒரே ஜாதி: கொஞ்சம் வனிலா, கொஞ்சம் மரம், கொஞ்சம் ஸ்பிரிட். இதைத் திறந்ததும் ரூமில் இருந்த எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள், எங்காவது வயர் எரிகிறதா என்று. எப்படி இப்படிப் புகை ஏறியது என்று கேட்டோம். கடலோரத் தீவு ஒன்றில் விறகு கிடைக்காதாம், மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்களாம், அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்களாம்.

"மண்ணா சார்? மண்ணு எரியுமா?" என்றார் சகாயக்கா.

"செடி கொடியெல்லாம் தண்ணியிலேயே கிடந்து மக்கி மக்கி அப்படி ஆனதும்மா. காய்ஞ்சா எரியும்."

"அப்ப எண்ணூர் சேறு எரியுமா?"

"அதுல மிதக்கற ஆயிலுக்கு, எரியாம இருந்தா சரி" என்றார் சார்.

அவருடைய வழக்கம், விஸ்கிக்காரர்கள் பேசுகிற வார்த்தை எதையும் எங்களுக்குச் சொல்லித் தர மாட்டார். உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறதோ அதைச் சொல்லுங்கள் என்பார். நாங்கள் சொல்வதைப் போர்டில் எழுதுவார். அன்றைக்கு ஒருத்தி, ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற ரூம் என்றாள். இன்னொருத்தி, வெயிலில் காய்கிற பழைய தண்டவாளக் கட்டை என்றாள். நான் சுட்ட கருவாடு என்றேன். ஒருத்தி, "எங்க மாமியார் கொசுவுக்குப் போடற வேப்பிலைப் பொகை சார்" என்றாள். எல்லாமே சரியாக இருந்தது, அதுதான் ஆச்சரியம். ஒவ்வொருத்தி சொன்ன பிறகும் திரும்ப மோந்தால் அது அங்கே இருந்தது. ஒரு விரற்கடை தண்ணீருக்குள் இத்தனை ஊர் எப்படி ஒளிந்துகொண்டது என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அக்காவின் முறை வந்தது. கிளாஸை மூக்கில் வைத்தபடியே இருந்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சார் உதவுவதாக நினைத்துக்கொண்டு, "இதுல மூக்குக்குத் தெரியறது பாதிதாம்மா. மீதி, விழுங்கின பிறகு தொண்டையிலேர்ந்து மூக்குக்குத் திரும்பி வரும். அது உங்களுக்கு வேண்டாம், சும்மா சொன்னேன்" என்றார்.

அக்கா தலையை நிமிர்த்தினார். "தொண்டையிலேர்ந்தா? உள்பக்கமாவா?"

"ஆமாம்."

"ஒரு சொட்டு ஊத்துங்க சார்."

சாரே திகைத்துப் போனார். "வேண்டாம் சகாயம், கட்டாயமில்லை" என்றார். அக்கா கிளாஸை நீட்டியபடியே இருந்தார். மூடியளவு ஊற்றி, தண்ணீர் கலந்து கொடுத்தார் சார். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, மருந்து குடிப்பதுபோல் விழுங்கினார். இருமினார். கண்ணில் தண்ணீர். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விட்டார். அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னம்மா வருது?"

"இருங்க சார்." மறுபடி மூச்சு விட்டார். "ஈரச் சாக்கு எரியுது. உப்பு. அப்பறம்... வேர்க்கடலை வறுத்துக் கொட்டுன மணல் சூடு. அவ்ளோதான். போயிடுச்சு. இன்னொரு சொட்டு ஊத்துங்க சார்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "அக்காவுக்குப் புட்சிப்போச்சு!" சார் பாட்டிலை மூடினார். அக்கா சிரிப்பைக் காதில் வாங்கவே இல்லை. சாரிடம் கேட்டார்: "எங்க ஊட்டுக்காரர் குடிச்சாரே சார், அதுல இதெல்லாம் இருந்துருக்குமா?"

"இருந்திருக்காதும்மா."

"பாவம்" என்றார் அக்கா. அந்த மனிதரைப் பற்றி அவர் பரிந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

ரயிலில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "லோகு, நெஜமா வந்துச்சா, நீங்கள்லாம் பொகை பொகைன்னு சொன்னதால நானா நெனச்சுக்கினனா? எப்டிடி தெரிஞ்சிக்கிறது?" எனக்கு நாங்கள் தினம் செய்கிற வேலைதான் ஞாபகம் வந்தது. மூன்று கிளாஸ் வைத்துப் பார்த்துவிடலாம் அக்கா என்றேன்.

அடுத்த ஞாயிறு, மகனும் மருமகளும் அவள் தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது, மீஞ்சூரில் அவர் வீட்டு அடுப்படியில் பேனல் நடத்தினோம். அந்த வீட்டுக்குள் சரக்கு நுழையக் கூடாது, அதனால் டீ. பால் போடாத டீ. கொட்டாங்கச்சியைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தேன். புகை அதற்குள் ஏறிய பிறகு டீ ஊற்றினேன். மற்ற இரண்டிலும் சும்மா டீ. புகை டம்ளரின் அடியில் என் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டினேன். தட்டில் வைத்து, நானும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி மாற்றி வைத்தேன். என் முகத்தைப் பார்த்து அவர் கண்டுபிடித்துவிடக் கூடாதே!

முதலில் மோந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு ஒவ்வொன்றாக விழுங்கி, வாயை மூடி, மூச்சு விட்டார். நடு டம்ளரைக் காட்டினார். தூக்கிப் பார்த்தேன், பொட்டு இல்லை. அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "அவசரப்பட்டுட்டேன். சூடு ஆறட்டும்" என்றார். மறுபடி வைத்தேன். இந்தத் தடவை நிதானமாகக் குடித்தார். ஓரத்து டம்ளர். பொட்டு இருந்தது. அதிர்ஷ்டமாக இருக்கும் என்று அவரே சொல்லி மறுபடி வைக்கச் சொன்னார். பொட்டு. மறுபடி. பொட்டு. இடையில் இரண்டே டம்ளரைப் புகை இல்லாமல் வைத்து நான் ஏமாற்றப் பார்த்தேன், "ரெண்டும் சும்மாடி, யாராண்ட வெளையாடுற?" என்றார். டீத்தூளே தீர்ந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து, முதுகைக் கேஸ் சிலிண்டரில் சாய்த்துக்கொண்டு அவர் சொன்னது எனக்கு மனப்பாடம்: "முன்வாசல் சாத்திக்கீது லோகு. பின்வாசல் தொறந்துகீது."

மறுநாள் அவர் சம்பத் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "இத்தினி நாள் கண்ணெரிச்சல வெச்சு குறிச்சேன். இப்ப எனக்கே தெரிஞ்சு போச்சு, முன்பக்கம் சுத்தமா இல்லன்னு. இனிமே குறிச்சா அது பொய்" என்றார். சார் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். புகை மால்ட் வரப்போகிறது, அதற்கு விழுங்கிப் பார்த்துச் சொல்கிற ஆள் ஒருவர் வேண்டும், மற்ற பெண்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நீ அதே நாற்காலியில் இரு, ஒருநாளைக்கு ஒரு மூடி, அவ்வளவுதான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சரி என்று சொல்லிவிடுங்கள் அக்கா என்று மனசுக்குள் கும்பிட்டேன். அந்த முட்டியோடு அவர் எப்படி நிற்பார்?

"சார், தெரிஞ்சிக்கணும்னு ஒரு வாட்டி குடிச்சேன். மாதாவுக்கு அது புரியும். நாற்காலிக்காகக் குடிச்சா புரியாது. மூக்குக்குத்தான சம்பளம் தந்தீங்க? மூக்கு போச்சு, நாற்காலியும் போவட்டும்."

சார்தான் விளக்குப் பலகைக்கு முன்னால் அந்த ஸ்டூல் வேலையை வாங்கிக் கொடுத்தார். குடிப் பேச்சு கிளம்பியபோது, நான் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "சொல்லாத. குடிகாரின்னா ரெண்டு நாள் பேசி உட்ருவாளுங்க. மூக்கு இல்லன்னா என் புள்ள ஊட்ல குந்த வெச்சிருவான். எனக்கு ஊட்ல குந்திக்கினு இருந்தா பேஜாரு" என்றார். பங்குச் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில் விஷயத்தைச் சொன்னாராம். அவர், எப்படி இருந்தது என்று கேட்டாராம். "சொல்லிட்டு வந்தேன். ஈரச் சாக்குன்னு."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ரயிலில் எங்களுக்கு இதுதான் பேச்சு. எதைச் சாப்பிட்டாலும் விழுங்கிவிட்டு, வாயை மூடி, மூச்சை விட்டுப் பார்ப்பார். பின்வாசல் வழியாக யார் யார் வந்தார்கள் என்று எனக்குச் செய்தி வரும். "இன்னிக்கு வெந்தயம் வந்துச்சுடி." "சீரகம் எட்டிப் பாத்துட்டு ஓடிடுச்சு." "பூண்டு வந்து குந்திக்கினு எழுந்து போவமாட்டேங்குது." காபி மட்டும் வெகு காலம் வரவில்லை. வந்த அன்றைக்கு ரயிலுக்குக் காத்திருக்காமல், லைனில் ஓடுகிற பாட்டிலை விட்டுவிட்டு என்னைத் தேடி வந்து சொன்னார். சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்கினார். நானும் அதைச் செய்து பார்க்க ஆரம்பித்தேன். சோற்றை விழுங்கிவிட்டு ஒரு மூச்சு. பச்சரிசி வேறு, புழுங்கல் வேறு, பழையது வேறு. எனக்கு மூக்கு நன்றாக இருந்தும் இத்தனை காலம் இது தெரியாமல் இருந்திருக்கிறது.

ஆனால் முன்வாசல் திறக்கவே இல்லை. கிளாஸை மூக்கில் வைத்தால் ஒன்றும் வராது. பேரக் குழந்தை தலையை மோந்தாலும் வராது. "கொழந்தைய முழுங்கியா பாக்க முடியும்?" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கடைசியாக வெள்ளிக்கிழமை பிரியும்போதும் கேட்டேன், முன்பக்கம் ஏதாவது உண்டா என்று. இல்லை என்று கையை விரித்தார்.

மீஞ்சூருக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் மருமகள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மூக்கு விஷயம் அவளுக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் இன்னும் பெரிதாக அழுதாள். "நேத்து சாய்ந்தரம் கூட நல்லாத்தான இருந்துச்சு அத்தே! எப்பவும் போல என்னைக் கத்திக்கினு இருந்துச்சு. உள்ள பாலு தீயுது, எங்கடி போயி தொலஞ்சேன்னு..."

என் அழுகை நின்றுவிட்டது. அவள் கையைப் பிடித்தேன். "பாத்து சொன்னாங்களா?"

"இன்னாது?"

"பாலு தீஞ்சத அடுப்பாண்ட வந்து பாத்து சொன்னாங்களா?"

"இல்ல அத்தே. ஹால்ல கொழந்தைய மடியில போட்டுக்கினு டிவி பாத்துக்கினு இருந்துச்சு. மூஞ்சியே திருப்பல. நான் பின்னால துணி எடுத்துக்கினு இருந்தேன். எனக்கே தெரியல, அதுக்கு எப்டித்தான் தெரிஞ்சுச்சோ, ஓடி வந்து பாத்தா அடி புட்சிகீது..."

சாவு வீட்டில், அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. நான் அங்கேயே பேனல் நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியும். கண்ணால் பார்க்க வழியில்லை. காதால் கேட்கவும் முடியாது, டிவி ஓடுகிறது. வேறு எப்படித் தெரிந்திருக்கும்?

அக்காவுக்கு முன்வாசல் திறந்துவிட்டது. எனக்கு அதில் சந்தேகமில்லை. தெரியாதது ஒன்றுதான். மருமகளைத் திட்டுகிற வேகத்தில் அதைக் கவனிக்காமலே விட்டுவிட்டாரா, இல்லை, கத்தி முடித்த பிறகு திடுக்கிட்டு, மடியில் இருந்த குழந்தையின் தலையைக் குனிந்து மோந்து பார்த்தாரா? மருமகள் பாலை இறக்க உள்ளே ஓடிவிட்டாள், அவளுக்குத் தெரியாது. குழந்தைக்குச் சொல்ல வயதில்லை. சகாயக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தக் கேள்விதான். திங்கட்கிழமை ரயிலில் நான் கேட்கும் முன்னால் அவரே சொல்லியிருப்பார்.